நண்டு கை நீட்டிய பக்கம்

சிறார் நூல் விருதுக் குழுக்களில் அமரும் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நடுவர்களுக்கு,

நான் எழுத்தாளனும் இல்லை, ஓவியனும் இல்லை. ஒரு சிறு நகரத்தில் இருபத்தெட்டு வருடம் ஆப்செட் அச்சகம் நடத்திவிட்டு மூடியவன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நன்கொடை ரசீது, கட்சி நோட்டீஸ் எல்லாம் அடித்தாயிற்று. நடுநடுவே ஊர்க் கவிஞர்களின் தொகுப்புகளும் குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்களும் உண்டு. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கிளை நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை உட்காரவைத்துப் படப் புத்தகம் காட்டிக்கொண்டிருக்கிறேன். படித்துக் காட்டுகிறேன் என்றுதான் முன்பெல்லாம் சொல்வேன். அந்தச் சொல்லை மாற்றிக்கொள்ளும்படி ஆனது ஒரு மீனால்.

ஜான் கிளாசன் எழுதி வரைந்த புத்தகம் அது. ‘இது என் தொப்பி அல்ல’ என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். என் மகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது பேரனுக்கென்று வாங்கி வந்தாள். 2012இல் வெளியானது. அமெரிக்காவின் கால்டெகாட் பதக்கத்தை 2013இலும், பிரிட்டனின் கேட் கிரீனவே பதக்கத்தை 2014இலும் வாங்கியது. இரண்டையும் ஒரே புத்தகம் வாங்கியது அதுதான் முதல் தடவை. கதை இவ்வளவுதான்: ஒரு குட்டி மீன், தூங்கிக்கொண்டிருக்கும் பெரிய மீனின் தொப்பியைத் திருடிக்கொண்டு போகிறது. போகிற வழியெல்லாம் நம்மிடம் பேசிக்கொண்டே போகிறது. பெரியவர் இப்போதைக்கு எழுந்திருக்க மாட்டார் என்கிறது. அதை நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, முன்வரிசையில் இருந்த ஐந்து வயதுப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். “சார், அது முழிச்சிருச்சு சார்!”

அவள் சொன்னது சரி. வாசகம் தூங்குகிறது என்கிறது. இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு கிடக்கும் பெரிய மீனின் கண்ணோ தட்டு மாதிரித் திறந்திருக்கிறது. எழுந்தாலும் தொப்பி போனதைக் கவனிக்க மாட்டார் என்கிறது குட்டி மீன். பெரிய மீனின் கருவிழி மேலே ஏறித் தலையைத் தேடுகிறது. வழியில் தன்னைப் பார்த்துவிட்ட நண்டு யாரிடமும் சொல்லாது என்று குட்டி மீன் நம்புகிறது. அந்த நண்டோ, பெரிய மீன் வந்து நின்றதும் கொடுக்கை நீட்டி, ‘இந்தப் பக்கம்தான் போனான்’ என்று வழி காட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசிச் சில பக்கங்களில் ஒரு சொல்கூடக் கிடையாது. அடர்ந்த நீர்ச்செடிகள். அதற்குள்ளிருந்து பெரிய மீன் வெளியே வருகிறது, தலையில் தொப்பியோடு. குட்டி மீன் என்ன ஆனது என்று எழுத்தும் சொல்லவில்லை, படமும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப். பிறகு பின்வரிசைப் பையன் ஒருவன் மெதுவாகத் தீர்ப்புச் சொன்னான்: “முடிச்சுட்டாரு.”

இப்போது ஒன்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கதையின் வாசகத்தை மட்டும் வெள்ளைத் தாளில் டைப் செய்து, நான்கு பிரதி எடுத்து உங்களுக்கு அனுப்பினால் என்ன படிப்பீர்கள்? ஒரு திருடன் திருடிக்கொண்டு போய்ப் பத்திரமாக ஒளிந்துகொண்ட கதையைப் படிப்பீர்கள். ‘சிறுவர்களுக்கு உகந்ததல்ல’ என்று ஓரத்தில் எழுதித் தள்ளி வைப்பீர்கள். உங்கள்மேல் தப்பில்லை, வாசகத்தில் இருப்பது அந்தக் கதைதான். பதக்கம் வாங்கிய கதை படத்தில் இருக்கிறது, அதுவும் வாசகத்துக்கு நேர் எதிராக. பேசுகிறவன் பொய்யன் என்று கண்டுபிடிக்கும் வேலையை, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையிடம் கொடுத்திருக்கிறார் கிளாசன். எழுத்து தெரிந்த நாம்தான் அதில் ஏமாறுகிறோம்.

உங்களுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நானும் ஒருமுறை உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தவன். அச்சகக்காரன், புத்தகம் தெரிந்தவன் என்று ஓர் இலக்கிய அமைப்பு என்னை முதல் சுற்று நடுவராகக் கூப்பிட்டது. அட்டைப் பெட்டி நிறையப் புத்தகங்கள், கூடவே மதிப்பெண் தாள். கரு, நடை, பிள்ளைகளுக்கேற்ற மொழி, நீதி என்று தனித்தனிக் கட்டங்கள். கடைசியில் ‘தாள், அச்சு, படம், கட்டமைப்பு’ என்று எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்து நூற்றுக்குப் பத்து. படம் பைண்டிங் கணக்கில் சேர்ந்துவிட்டது. பசை ஒட்டியிருக்கிறதா, பின் துருப்பிடிக்காமல் இருக்கிறதா, படம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நான் வாயைத் திறக்கவில்லை. வாசகத்தைப் படித்தேன், அந்தக் கட்டத்தில் ஆறு, ஏழு என்று போட்டேன், வழிச்செலவுக் கவரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பெட்டியில் இருந்த புத்தகங்களுக்குப் படம் போட்டவர்கள் யார் என்று இன்று கேட்டால் ஒருவர் பெயரும் தெரியாது, பரிசு வாங்கிய புத்தகத்துக்கும் சேர்த்து.

இந்தக் குறை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் சிறார் நூலுக்கான நியூபெரி பதக்கம் 1922இலிருந்து கொடுக்கப்படுகிறது. அது எழுத்துக்கு. அதை முன்மொழிந்த பிரெடரிக் மெல்ச்சர் என்பவரே 1937இல், படப் புத்தகம் செய்யும் ஓவியர்களை விட்டுவிட்டோமே என்று இரண்டாவது பதக்கம் ஒன்றை முன்வைத்தார். ராண்டால்ஃப் கால்டெகாட் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியரின் பெயரில் 1938இல் அது தொடங்கியது. முதல் பதக்கம் விவிலியத்து விலங்குகளை வரைந்த டோரதி லேத்ராப்புக்கு. பிரிட்டனில் எழுத்துக்கான கார்னகி பதக்கம் 1936இல் ஏற்பட்டது. ஓவியத்துக்கான கேட் கிரீனவே பதக்கம் 1955இல். அந்த முதல் வருடம் தகுதியான புத்தகம் எதுவும் இல்லை என்று யாருக்கும் கொடுக்கவில்லை. அந்தக் கறாரும் எனக்குப் பிடித்திருக்கிறது. உலக அளவில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது எழுத்தாளருக்கு 1956இல் தொடங்கியது, ஓவியருக்கு 1966இல்தான் வந்தது. எல்லா ஊரிலும் எழுத்தாளர் முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்து, பத்துப் பதினைந்து இருபது வருடம் கழித்துத்தான் ஓவியருக்கு இலை போட்டிருக்கிறார்கள். நம் சாகித்திய அகாதெமி பால சாகித்திய புரஸ்கார் கொடுக்கத் தொடங்கியது 2010இல். கணக்குப்படி பார்த்தால் இலை போடும் நேரம் வந்துவிட்டது.

கால்டெகாட்டின் விதி ஒரே பிடிவாதமானது: பதக்கம் ஓவியருக்கு. வாசகத்தை வேறொருவர் எழுதியிருந்தால் அவருக்கு அதில் பங்கில்லை. 2022இல் ‘வாட்டர்கிரெஸ்’ என்ற புத்தகத்துக்கு அந்தப் பதக்கத்தை வாங்கியவர் படம் வரைந்த ஜேசன் சின். எழுதிய ஆண்ட்ரியா வாங்குக்கு அதே வருடம் நியூபெரி ஹானர் தனியாகக் கிடைத்தது. சாலையோரம் காரை நிறுத்திவிட்டு வாய்க்காலில் கீரை பறிக்கும் பெற்றோரைப் பார்த்துக் கூனிக் குறுகும் ஒரு சீன வம்சாவளிச் சிறுமியின் கதை. அம்மா அனுபவித்த பஞ்சம் பின்னால் தெரியவரும்போதுதான் கீரையின் ருசி அவளுக்குப் பிடிபடுகிறது. நம்மூரில் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், பண்ணைக்கீரை பறித்த ஆயாவைப் பற்றி அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஒரு புத்தகம், இரண்டு கைகள், இரண்டு கௌரவம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அச்சகக்காரன் கண்ணுக்கென்றே ஒரு புத்தகம் இருக்கிறது. மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’. 1963இல் வந்து, 1964இல் கால்டெகாட் வாங்கியது. மொத்த வாசகமும் பத்தே வாக்கியம். சேட்டை செய்த பையனைச் சாப்பாடு போடாமல் அறைக்கு அனுப்பிவிடுகிறார் அம்மா. முதல் படம் வலப்பக்கத்தில் தபால் அட்டை அளவில், சுற்றிலும் வெள்ளை விட்டு நிற்கிறது. அறைக்குள் மரங்கள் முளைக்க முளைக்கப் படமும் வளர்கிறது. விளிம்பு வெள்ளை பக்கத்துக்குப் பக்கம் தேய்கிறது. படம் பக்கத்தை நிறைக்கிறது, நடுத்தையலைத் தாண்டி இடப்பக்கத்துக்குள் நுழைகிறது. பையனும் பூதங்களும் சேர்ந்து கும்மாளம் போடும் மூன்று விரிபக்கங்களில் எழுத்தை வெளியே தள்ளிவிடுகிறது. பையனுக்கு வீட்டு நினைப்பு வந்ததும் படம் பின்வாங்கத் தொடங்குகிறது. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை. அவனுக்காகக் காத்திருக்கும் சாப்பாட்டைப் பற்றி நாலைந்து சொல் மட்டும்.

எங்கள் தொழிலில் விளிம்பு என்பது கட்டிங் மெஷினுக்கு விட்டுவைக்கிற இடம். மிஞ்சினால் ‘மார்ஜின் ஜாஸ்தி, தாள் வேஸ்ட்’ என்று திட்டுவோம். அந்த வெள்ளையைப் பிள்ளையின் கோபத்துக்கு அளவுகோலாக ஒருவர் வைத்திருக்கிறார் என்று புரிந்த அன்று, இருபத்தெட்டு வருடம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று இருந்தது. அந்தப் பத்து மதிப்பெண் கட்டத்தில் இதை எங்கே எழுதுவது?

வெளிநாட்டுச் சமாசாரம் நமக்கெதற்கு என்பவர்கள் சென்னைக்கே வரலாம். தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்ற புத்தகம், மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்கள். 2008இல் இத்தாலியின் போலோனியா சிறார் நூல் சந்தையில் விருது பெற்றது. தாள் கறுப்பு. எங்கள் ஆப்செட் மை மெல்லிசுப் படலம். தாளின் வெள்ளைதான் அதற்கு உயிர். கறுப்பில் போட்டால் தாள் அதை விழுங்கிவிடும். அதனால் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடித்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன். தாளைக் கையால் வைத்து, மையை இழுத்து, எடுத்துக் காயப்போட்டு, அடுத்த நிறத்துக்கு அதே இடத்தில் மயிரிழை பிசகாமல் மறுபடி உட்காரவைக்க வேண்டும். தாள் பருத்திக் கழிவிலிருந்து செய்த கைத்தாள், கட்டுவது கைத்தையல். இத்தனையும் நடந்தது சென்னையில். முகர்ந்தால் மை வாசனை வரும், விரலால் தடவினால் கிளை தட்டுப்படும். எங்கள் பிள்ளைகளிடம் கொடுத்தபோது யாரும் கதை கேட்கவில்லை. ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள். மூன்று ஓவியர்களின் பெயரும் அட்டையில் இருக்கிறது. பிறகு பஜ்ஜு ஷ்யாமுக்கு 2018இலும், துர்கா பாய்க்கு 2022இலும் பத்மஸ்ரீ வந்தது.

இதெல்லாம் பணக்காரப் புத்தகம், நம் பதிப்பாளருக்குக் கட்டுபடியாகாது என்று ஒரு பேச்சு உண்டு. அதே பதிப்பகத்தில் வந்த இன்னொரு புத்தகம் ‘டைகர் ஆன் எ ட்ரீ’. பாட்டு அனுஷ்கா ரவிசங்கர், படம் புலக் பிஸ்வாஸ். கறுப்பும் ஆரஞ்சும் மட்டுமே. இரண்டு நிறம் என்றால் இரண்டு பிளேட், எங்கள் பழைய சிங்கிள் கலர் மெஷினில் இரண்டு ஓட்டு. 1999இல் பிராத்திஸ்லாவா ஓவியக் கண்காட்சியில் பரிசு வாங்கியது அந்தப் படம். வண்ணத்துக்குச் செலவாகும் என்பது உண்மை. ஓவியர் பெயரை அச்சிட ஒரு பைசா செலவில்லை என்பதும் உண்மை.

நம் பிள்ளைப் பருவத்திலிருந்தே சாட்சி ஒன்று எடுத்துவைக்கிறேன். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்து, ஒரு கையில் வாளோடு நடக்கிற படம். என் வயதுக்காரர்கள் கண்ணை மூடினால் அது வந்துவிடும். வேதாளம் சொன்ன கதைகளில் ஒன்றை முழுசாகச் சொல்லுங்கள் என்றால் பாதியில் தடுமாறுவோம். படம் மட்டும் அழியாமல் நிற்கிறது. வரைந்தவர் சங்கர் என்கிற கே. சி. சிவசங்கரன். 2020இல் காலமானார். பத்மஸ்ரீ 2021இல் அறிவித்தார்கள். பந்தலில் தோரணம் கட்டும்போது மாப்பிள்ளை இல்லை.

பரிசு பெற்ற எழுத்தாளர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசிய’த்துக்கு 2020இலும், உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்கு 2023இலும் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்ததில் எங்கள் நூலகத்துப் பெரிய பிள்ளைகளுக்குப் பெருமை. அவை தானே படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கான கதை நூல்கள். அங்கே எழுத்துக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும். 2024இல் பரிசு பெற்ற யூமா வாசுகி ஓவியரும்கூட, அவர் வாங்கியதும் எழுத்துக்குத்தான். நான் கேட்பது அதற்கு முந்தின படிக்கட்டைப் பற்றி: பக்கத்துக்கு ஒரு வரி, முழுக்கப் படம், மடியில் வைத்துப் பார்க்கிற வயது. அந்தப் புத்தகத்தையும் நாவலையும் ஒரே மதிப்பெண் தாளில் நிறுத்தினால் எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் அப்படிப் புத்தகமே வருவதில்லையே என்கிறீர்களா? வருகிறது. அசோக் ராஜகோபாலன் தானே எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’ என்ற யானைக் கதையைத் தூலிகா பதிப்பகம் தமிழில் போட்டிருக்கிறது. அந்த யானை தும்மும் பக்கம் எங்கள் பிரதியில் ஏற்கெனவே கிழிந்து, செலோடேப் ஒட்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்து பிள்ளைகள் ஒரு புத்தகத்துக்குக் கொடுக்கிற உயர்ந்த விருது அதுதான். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் 2023இலிருந்து நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னப் படக்கதைகள் வகுப்புகளுக்குப் போகின்றன. ஆக, சரக்கு இருக்கிறது. தராசுதான் பழசு.

‘எங்களுக்கு ஓவியம் தெரியாதே’ என்று நடுவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். நேர்மையான பதில்தான். அதற்கு வழி, ஓவியம் தெரிந்த ஒருவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைப்பது. கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியக் கல்லூரிகள் இருக்கின்றன. அதுவும் முடியாவிட்டால் நாலு பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் எழுந்து நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டால் போதும்.

அவசரத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. சென்ற வருடப் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய சில சிறுவர் நூல்களில் படங்கள் எல்லாம் கணினி தானே போட்டவை. பக்கத்துக்குப் பக்கம் பாட்டியின் முகம் மாறுகிறது, ஓரிடத்தில் பையனுக்கு ஆறு விரல். ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் அது உறுத்தவில்லை. ஏன் உறுத்த வேண்டும்? வரைந்தவர் பெயர் இல்லாமலே இத்தனை வருடம் புத்தகம் வந்தது, பரிசும் வாங்கியது. பெயர் வேண்டாத இடத்தில் ஆளும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஆறு விரலைப் பிள்ளைகள்தான் முதலில் எண்ணிச் சொன்னார்கள்.

ஆகவே என் கோரிக்கை பெரிதில்லை. அறிவிப்பில் படப் புத்தகத்துக்கு ஒரு தனிப் பிரிவு வையுங்கள். கையெழுத்துப் பிரதியாகவோ டைப் செய்த தாளாகவோ வந்தால் திருப்பி அனுப்புங்கள்; புத்தகமாகவே பாருங்கள். பரிசுத் தொகையைப் பாதி பிரிக்க மனம் வராவிட்டாலும், மேடையில் இரண்டாவது நாற்காலி போடுங்கள். வரைந்தவர் யார் என்று குறிப்பிடாத புத்தகத்தை முதல் சுற்றிலேயே ஒதுக்குங்கள். இந்தக் கடைசி விதி ஒன்றை மட்டும் நீங்கள் போட்டால், மறு வருடமே பதிப்பாளர்கள் அட்டையில் இடம் கண்டுபிடித்துவிடுவார்கள். பதிப்பாளர்களை எனக்குத் தெரியும்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு ஒரு பெண் நூலக அடுக்கிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கருவேல மரத்தடியில் ஆட்டுக்குட்டியை மடியில் போட்டுக்கொண்டு பாட்டி உட்கார்ந்திருக்கும் பக்கத்தை விரித்து, “இத யாரு சார் வரைஞ்சது?” என்றாள். நூல் விவரப் பக்கத்தைப் புரட்டினேன். ஆசிரியர், முதற்பதிப்பு, தாள் அளவு, தாளின் எடை, எழுத்துப் புள்ளி, பக்கம், விலை எல்லாம் இருந்தன. ‘அச்சிட்டோர்’ என்று என் அச்சகத்தின் பெயரும் இருந்தது. வரைந்தவர் பெயர் இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர் அவர். இருபத்து நாலு படத்தையும் சார்ட் பேப்பரில் வரைந்து, சுருட்டி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். பணத்தை எண்ணிக் கொடுத்தது நான். ஆர்ட்டிஸ்ட் என்றுதான் கூப்பிடுவோம். புரூஃப் பார்க்கும்போது விவரப் பக்கத்தில் ஒரு வரி கூடுகிறது என்று எடுத்ததும் நான். அவர் பெயர் வவுச்சரில் இருந்தது. அச்சகத்தை மூடிய மாதம் வவுச்சர் கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஓர் அச்சகக்காரன்